பாளை ஜெயில் வாசலில் கேட்கும் கேள்விகள்: சிறுவயதுக் காயம், சேக்காளி, ஆளுமைக் கோளாறு

பாளையங்கோட்டை மத்திய சிறைக்கு மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்க, வரும் குடும்பங்கள், வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் பிள்ளையைப் பார்க்க நாங்குநேரி, அம்பாசமுத்திரம் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் அம்மாமார், பள்ளிக்கூட வாத்தியார்கள், சில சமயம் காவலர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. இந்தக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. கேட்டவர்கள் பேச்சை அப்படியே விட்டிருக்கிறேன். யாரென்று அடையாளம் தெரிகிற விவரங்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

1. சின்ன வயசுல அடி வாங்குனவன்தான் ஜெயிலுக்குப் போவானா? நாங்களும் அடி வாங்கித்தான் வளந்தோம். நாங்க போகலையே?

நியாயமான கேள்வி. அமெரிக்காவில் கேத்தி ஸ்பாட்ஸ் விடம் என்கிற ஆய்வாளர், சிறுவயதில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றப் பதிவு உள்ள 908 பேரையும், அதே வயது, அதே மாதிரிக் குடும்பப் பின்னணியில் அப்படிப் பதிவு ஏதும் இல்லாத 667 பேரையும் எடுத்துக்கொண்டு, பின்னால் அவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தார். 1989-இல் முடிவு வெளிவந்தது. பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் சுமார் 26 சதவீதம் பேர் சிறார் வயதிலேயே கைதாகியிருந்தார்கள். மற்றவர்களில் அது சுமார் 17 சதவீதம்.

காயம் பட்டால் ஆபத்து கூடுகிறது, அது உண்மை. அதே நேரம், காயம் பட்டவர்களில் நான்கில் மூன்று பேர் அந்த வயதில் எந்தக் கேஸிலும் சிக்கவில்லை. அதனால் "அடி வாங்கினான், அதான் ஜெயிலுக்குப் போனான்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது. நீங்கள் அடி வாங்கிய இரவில் உங்களைக் கூப்பிட்டுச் சோறு போட ஒரு ஆச்சி இருந்திருப்பாள், மறுநாள் பள்ளிக்கூடத்தில் பேர் சொல்லிக் கூப்பிட ஒரு வாத்தியார் இருந்திருப்பார். உள்ளே இருக்கிற பலரிடம் பேசும்போது அந்த ஆச்சியும் வாத்தியாரும் கதையிலேயே வருவதில்லை.

2. பாதிப்பு, பாதிப்புங்கீங்களே, அடி உதை மட்டுந்தானா?

இல்லை. 1998-இல் அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரண்டு மருத்துவர்கள் பெரிய ஆய்வொன்றை வெளியிட்டார்கள். அவர்கள் கேட்டவை: வீட்டில் அடி, வாய்க்கு வந்தபடி ஏச்சு, பாலியல் தொல்லை, அம்மாவை அடிப்பதைப் பார்த்தது, வீட்டில் குடிகாரர் இருந்தது, மனநோயாளியோ தற்கொலைக்கு முயன்றவரோ இருந்தது, வீட்டு ஆள் ஜெயிலுக்குப் போனது. புறக்கணிப்பும் பெற்றோர் பிரிவும் பின்னால் சேர்ந்தன. இவற்றில் ஒன்று இருப்பதற்கும் நான்கைந்து சேர்ந்து இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு என்பதுதான் அந்த ஆய்வு காட்டிய முக்கியமான விஷயம்.

நம் பக்கத்தில் இதற்கு வேறு முகங்களும் உண்டு. அப்பா பம்பாய்க்கோ வளைகுடாவுக்கோ போய் வருஷக்கணக்கில் வராமல் இருப்பது. அம்மா தீ வைத்துக்கொண்டதை வாசலில் நின்று பார்த்தது. பீடித் தட்டோடு அம்மா ராத்திரி வரை உட்கார்ந்திருக்க, தம்பி தங்கச்சியை வளர்க்கும் பொறுப்பு எட்டு வயதுப் பையன் தலையில் விழுவது. ஆண் பிள்ளைக்கு நடந்த பாலியல் தொல்லையை மட்டும் யாரும் தானாகச் சொல்வதில்லை. இருபது வருஷம் கழித்து, அதுவும் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, அரை வாக்கியமாக வரும்.

3. எப்பவோ நடந்தது இப்ப எப்படி ஆளை ஆட்டும்? மறந்திருக்க மாட்டானா?

நடந்தது மறந்தாலும் உடம்பு பழகிய பழக்கம் போகாது. வாத்தியார் கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்குகிறார். முன் பெஞ்சில் இருக்கிற பையன் சட்டென்று கன்னத்தை மறைத்துக்கொள்கிறான். அவன் யோசித்துச் செய்யவில்லை. ஆபத்து எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைக்கு, ஆபத்து இல்லாத இடத்திலும் அது இருப்பதாகவே படும்.

இந்தப் பையனுக்கே இருபது வயதாகட்டும். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எதிரே நிற்கிறவன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறான். இவனுக்கு அது முறைப்பாகத் தெரிகிறது. "என்னலே முறைக்க?" என்று ஆரம்பித்து வெட்டுக்குத்தில் முடிந்த கேஸ் எத்தனை என்று இந்தப் பக்கத்துக் காவல் நிலையங்களில் கேட்டுப் பாருங்கள். சாதாரண முகத்தைப் பகை முகமாகப் படிக்கும் பழக்கம், சிறுவயதில் அடிபட்ட பிள்ளைகளிடம் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. இன்னொரு வகையும் உண்டு: எதுவும் உறைக்காமல் மரத்துப்போவது. இவர்களைப் பார்த்து "கல் நெஞ்சக்காரன்" என்று சொல்லிவிடுகிறோம்.

4. எம்புள்ள தங்கமான பிள்ள அண்ணாச்சி. சேக்காளிய சேந்துதான் கெடுத்துப் போட்டானுவ. அப்படித்தான?

இதைச் சொல்லாத அம்மாவை நான் பார்த்ததில்லை. தமாஷ் என்னவென்றால், அந்தச் சேக்காளியின், அதாவது கூட்டாளியின், அம்மாவும் அதே வாசலில் நின்று இதையேதான் சொல்வாள்.

சேர்க்கை ஆளை மாற்றும் என்பது உண்மை. 2005-இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டெயின்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 306 பேரை வைத்து ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டு நடத்தினார்கள். தனியாக ஆடியபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் துணிந்தார்கள். கூட்டாளிகள் பக்கத்தில் நின்று பார்த்தபோது, பிள்ளைகள் எடுத்த ஆபத்து சுமார் இரண்டு மடங்கானது. பெரியவர்களிடம் மாற்றமே இல்லை. பதினைந்து வயதில் "பயந்துட்டியாலே?" என்ற ஒரு வார்த்தைக்கு இருக்கும் பலம் நாற்பது வயதில் நமக்குப் புரியாது.

ஆனால் சேக்காளி வானத்திலிருந்து குதிப்பதில்லை. வீட்டில் பேச ஆளில்லாதவன், வகுப்பில் "தேறாத கேஸ்" என்று பேர் வாங்கியவன், தன்னைப் போலவே இருக்கிறவனைத் தேடிப் போகிறான். அங்கே அவனுக்குப் பட்டப்பேர் கிடைக்கிறது, பைக்கில் பின்சீட் கிடைக்கிறது, ராத்திரி பரோட்டா கிடைக்கிறது. முதல் கேள்வியில் சொன்ன ஆச்சியின் இடத்தில் யாரோ ஒரு "அண்ணன்" வந்து உட்கார்ந்துகொள்கிறார். காயமும் கூட்டும் தனித்தனியாக இருக்கும்போது பெரும்பாலும் சமாளித்துவிடலாம். இரண்டும் சேருகிற வயது பதிமூன்று, பதினாலு. நான் பார்த்தவரை அந்த இரண்டு வருஷத்தில் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதுதான் பாதிக் கதை.

5. அந்த வயசுல எல்லாப் பயலும் சேட்டை பண்ணத்தான் செய்வான். எதைப் பாத்துப் பயப்படணும்?

டெரி மாஃபிட் என்ற உளவியலாளர் 1993-இல் இதைத் தெளிவாகப் பிரித்தார். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 73-இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு அவருக்கு உதவியது. பெரும்பான்மைப் பையன்கள் பதிமூன்று, பதினாலு வயதில் தொடங்கி, இருபதுகளில் வேலை, குடும்பம் என்று வந்ததும் விட்டுவிடுகிறார்கள். ஒரு சிறு கூட்டம் மட்டும் ஐந்தாறு வயதிலேயே தொடங்கி, வளர்ந்த பிறகும் தொடர்கிறது.

அதனால் பார்க்க வேண்டியது எப்போது தொடங்கியது, தனியாகச் செய்கிறானா கூட்டத்தில் மட்டுமா, செய்த பிறகு வருத்தம் உண்டா என்பதை. பத்து வயதுக்கு முன்பே நாய், பூனையை வதைப்பது, தீ வைப்பது, சின்னப் பிள்ளைகளைத் தொடர்ந்து கொடுமைப்படுத்துவது, வீட்டை விட்டு ஓடிப் போவது இருந்தால் "வளர்ந்தா சரியாப் போவும்" என்று விட வேண்டாம். தென்னந்தோப்பில் சேர்ந்து பீர் குடித்ததற்கு அவ்வளவு பதற்றம் தேவையில்லை. கஞ்சா என்றால் கதை வேறு, அதை உடனே கவனிக்க வேண்டும்.

6. எங்க ஊர்ல இது சேக்காளி விஷயமில்ல ஸார், சாதி விஷயம். அதை விட்டுட்டு அமெரிக்கா, நியூசிலாந்துன்னு பேசுனா எப்படி?

ஒத்துக்கொள்கிறேன். நெல்லைச் சீமையில் சேக்காளியைப் பையன் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே தெரு தேர்ந்தெடுத்துவிடுகிறது. கையில் கட்டும் கயிற்றின் நிறம், பனியனில் இருக்கும் படம், பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருவது எல்லாம் ஆறாம் வகுப்பிலேயே முடிவாகிவிடுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவரின் வீட்டுக்குள் கூடப் படித்தவர்களே புகுந்து அவரையும் தங்கையையும் வெட்டியதை நாடே பார்த்தது. அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளக் கயிறு, மோதிரம், திலகத்தைப் பள்ளியில் தடைசெய்வது, பள்ளிப் பெயர்களில் சாதி இல்லாமல் செய்வது என்று பல பரிந்துரைகள் அதில் உண்டு.

கயிற்றை அவிழ்ப்பது நல்லதுதான், ஆனால் பழி வாங்கும் கடனைப் பிள்ளை தலையில் ஏற்றி வைப்பது அதைவிடப் பழைய பழக்கம். அப்பன் வெட்டுப்பட்டுச் செத்தபோது பையனுக்கு ஏழு வயது. ஒவ்வொரு வருஷமும் நினைவு நாளுக்குத் தெரு முழுக்க போஸ்டர், கீழே வரிசையாகப் பொடிப் படங்களில் இவன் முகமும் ஒன்று. கோயில் கொடைத் திருவிழாவில் சாராய வாசத்தோடு யாரோ ஒரு சித்தப்பா தோளில் கை போட்டு, "உங்கப்பனை வெட்டினவன் இன்னும் நடமாடுதாம்லே" என்கிறார். பன்னிரண்டு வருஷம் இதைக் கேட்ட பையன் பத்தொன்பது வயதில் அரிவாளை எடுக்கும்போது, ஊர் அவனை ரவுடி என்கிறது. மூன்றாம் கேள்வியில் சொன்ன காயமும் நான்காம் கேள்வியில் சொன்ன கூட்டும் இங்கே ஒரே கயிறாக முறுக்கப்பட்டிருக்கின்றன. எந்தச் சாதிக்கும் இது தனிச் சொத்து இல்லை. மனு வரிசையில் எல்லாத் தெரு அம்மாமாரும்தான் நிற்கிறார்கள்.

ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். போஸ்டரில் படம் போட்டவர்களும், ரீல்ஸுக்குப் பாட்டுப் போட்டவர்களும் மூன்றாவது வாய்தாவுக்கு மேல் கோர்ட் பக்கம் வருவதில்லை.

7. ஜெயில்ல இருக்கவன் எல்லாம் சைக்கோதான?

இல்லை. சீனா ஃபசல், ஜான் டேனெஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002-இல் 12 மேலை நாடுகளில் நடந்த 62 ஆய்வுகளை, சுமார் 23,000 கைதிகள் பற்றிய தகவலை, ஒன்றாகத் தொகுத்தார்கள். ஆண் கைதிகளில் மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய் இருந்தது 3.7 சதவீதம் பேருக்கு. கடும் மனச்சோர்வு 10 சதவீதம். ஆளுமைக் கோளாறு (அது என்னவென்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன்) 65 சதவீதம். சமூக விரோத ஆளுமை என்ற வகை மட்டும் 47 சதவீதம். பெண் கைதிகளில் அந்த வகை 21 சதவீதம்.

இந்த 65-ஐ அப்படியே பாளைக்குக் கொண்டுவந்து ஒட்டக் கூடாது. இந்தியச் சிறைகளில் 2022 கடைசியில் இருந்தவர்களில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் செய்தாரா என்பதே இன்னும் தீர்மானமாகவில்லை. ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் உள்ளே இருப்பது கோளாறு ஆகாது.

8. ஆளுமைக் கோளாறுன்னா பைத்தியமா?

பைத்தியம் என்று ஊரில் சொல்வது, இல்லாத குரல் கேட்பது, இல்லாததை நம்புவது போன்ற நோய்களை. ஆளுமைக் கோளாறு உள்ளவருக்கு நடப்பது எல்லாம் தெரியும். மனிதரோடு பழகுகிற விதமும், கோபத்தையும் பயத்தையும் கையாளுகிற விதமும் இளவயதிலிருந்தே கோணலாக இறுகிப்போய், எங்கே போனாலும் அதே சண்டை, அதே முறிவு திரும்பத் திரும்ப நடக்கும்.

சிறையில் அதிகம் பார்ப்பது இரண்டு வகை. ஒன்று மேலே சொன்ன சமூக விரோத வகை: சட்டத்தைப் பற்றியோ அடுத்தவர் வலியைப் பற்றியோ கவலை இல்லை, பொய் சரளமாக வரும், செய்ததற்கு வருத்தம் கிடையாது. மனநல மருத்துவர்கள் பின்பற்றும் அமெரிக்கக் கையேட்டின்படி 18 வயதுக்கு முன் யாருக்கும் இந்த முத்திரை குத்தக் கூடாது. 15 வயதுக்கு முன்பே நடத்தைக் கோளாறு, அதாவது அடிதடி, திருட்டு, பொய் என்று தொடர்ந்து விதி மீறும் பழக்கம், இருந்ததற்கான அடையாளமும் வேண்டும். ஆகவே பதினாறு வயதுப் பையனைப் பார்த்து "இவன் சைக்கோ" என்று சொல்கிற எந்த வாத்தியாருக்கும் மருத்துவமும் துணை இல்லை, சட்டமும் துணை இல்லை.

இன்னொன்று, உணர்ச்சி நிலையில்லாத வகை. காலையில் "நீங்கதான் தெய்வம்" என்பார், சாயங்காலம் வாய் கூசாமல் திட்டுவார், கைவிட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் தன்னையே காயப்படுத்திக்கொள்வார். "சும்மா சீன் போடுதான்" என்று காவலர்கள் சொல்வதுண்டு. சில சமயம் காரியம் சாதிக்கச் செய்வதும் உண்டுதான். ஆனால் அப்படிச் செய்கிறவர்கள் பின்னால் உயிரை விட்டுவிடும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அதனால் நடிப்போ நிஜமோ, டாக்டரிடம் அனுப்புவதுதான் சரி.

9. அப்போ அந்த மாதிரி ஒரு சர்ட்டிபிகேட் வாங்குனா கேஸ்ல இருந்து வெளிய வந்துடலாமா?

முடியாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 84-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-ஆவது பிரிவு. செய்யும் நேரத்தில், தான் என்ன செய்கிறோம் என்றோ அது தவறு, சட்டத்துக்கு மாறானது என்றோ அறிய முடியாத அளவுக்குச் சித்தம் கலங்கியிருந்தால்தான் அது உதவும். ஆளுமைக் கோளாறு உள்ளவருக்கு அது தெரியும். கண்ணாடியை உடைத்துவிட்டுக் கேமராவின் வயரைப் பிடுங்கினவருக்குத் தெரியாது என்று எந்த நீதிபதி நம்புவார்?

தண்டனையின் அளவைப் பேசும்போது கதை கொஞ்சம் மாறும். மரண தண்டனை கேட்கப்படும் வழக்குகளில் குற்றவாளியின் சிறுவயது, குடும்பச் சூழல், வன்முறைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானாரா, மனநிலை எப்படி என்பதையெல்லாம் விசாரணை நீதிமன்ற நிலையிலேயே திரட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம், மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் சொன்னது. பழைய பள்ளிச் சான்று, ஆஸ்பத்திரிச் சீட்டு, விடுதிப் பதிவு எதையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், வக்கீலிடம் காட்டுங்கள். சிறுவயதுக் கதையை வீட்டுக்காரர்கள் மானத்துக்குப் பயந்து மறைப்பதால் நஷ்டம் அவனுக்குத்தான்.

10. அவனுக்கு வயசு பதினேழுதான். பெரிய ஜெயிலுக்குக் கொண்டு போயிட்டாவ. என்ன செய்ய?

உடனே சொல்லுங்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவரைச் சிறையிலோ காவல் நிலைய லாக்கப்பிலோ வைக்கக் கூடாது. கூர்நோக்கு இல்லத்தில்தான் வைக்க வேண்டும். வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்தில் நடக்கும். "சம்பவத்தன்று நான் சிறுவன்" என்ற கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், தீர்ப்புக்குப் பிறகும்கூட எழுப்பலாம். முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லாவிட்டால் பஞ்சாயத்தோ நகராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. நம் ஊர்களில் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காக வாத்தியாரே ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடும் வழக்கம் இருந்ததை மறக்காதீர்கள். இரண்டு சான்றையும் வக்கீலிடம் கொண்டு போங்கள்.

16 முதல் 18 வயதுக்குள், குறைந்தது ஏழு வருஷத் தண்டனை உள்ள கொடுங்குற்றம் என்றால், பையனின் மனமுதிர்ச்சியைக் குழுமம் முதலில் மதிப்பிடும். அதன் பிறகு வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகலாம். அப்படிப் போனாலும் மரண தண்டனையோ, விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையோ கொடுக்க முடியாது. இன்னொன்று: பையனின் பேரையோ படத்தையோ வாட்ஸப்பில் சுற்றவிடுவது குற்றம். சொந்தக்காரர்களே இதைச் செய்கிறார்கள்.

11. உள்ள போனா திருந்துவானா, இல்ல இன்னும் கெட்டுப் போவானா?

யாரோடு இருக்கிறான் என்பதைப் பொறுத்தது. 1939-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், தப்பான வழிக்குப் போகக்கூடிய சிறுவர்களுக்கு ஆலோசனை, படிப்பு உதவி, கோடை முகாம் எல்லாம் கொடுத்து ஒரு திட்டம் நடந்தது. ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் முப்பது வருஷம் கழித்துப் பார்த்தபோது, உதவி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். பின்னால் அலசியதில் கோடை முகாமுக்குத் திரும்பத் திரும்பப் போனவர்கள்தான் அதிகம் கெட்டிருந்தது தெரிந்தது. ஒரே மாதிரிப் பையன்களைக் குவித்து வைத்தால் ஒருவன் செய்த சாகசத்துக்கு மற்றவன் சிரிக்கிறான், அந்தச் சிரிப்பே பாடம் ஆகிவிடுகிறது.

பாளைக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. மோதலைத் தவிர்க்க என்ற பேரில் சாதிவாரியாகத் தொகுதி (பிளாக்) பிரித்து வைத்திருந்த வழக்கம். 2024 அக்டோபர் 3-இல் உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதிப் பாகுபாட்டுக்கு இடம் கொடுக்கும் விதிகளை ரத்து செய்தபோது, பாளையங்கோட்டைச் சிறையைப் பேர் சொல்லியே பேசி, ஒழுங்கைக் காக்க இது வழியல்ல என்றது. நிர்வாகத்தின் பயமும் எனக்குப் புரியாமல் இல்லை, உள்ளே ரத்தம் சிந்தியது உண்டு. ஆனாலும் ஆறாம் கேள்வியில் சொன்ன பையனை அதே சாதியின் பெரிய கைகளோடு ஒரே தொகுதியில் வருஷக்கணக்கில் அடைத்துவிட்டு, திருந்தி வா என்றால் எப்படி வருவான்? ஒரு பெட்டி கேஸுக்கு உள்ளே போனவன், வெளியே வரும்போது நான்கு மாவட்டத்து ஃபோன் நம்பரோடு வருகிறான்.

12. மாத்திரை குடுத்தா குணம் மாறுமா?

குணத்தை மாற்ற மாத்திரை கிடையாது. ஆனால் கூடவே இருக்கிற மனச்சோர்வு, தூக்கமின்மை, போதைப் பழக்கம் ஆகியவற்றுக்கு உண்டு. அதைக் கவனித்தாலே பாதி எரிச்சல் அடங்கும். உணர்ச்சி நிலையில்லாத வகைக்கு, கொந்தளிப்பைத் தாங்கப் பழக்கும் பேச்சுச் சிகிச்சைகள் நன்றாகவே உதவுகின்றன. மார்ஷா லைன்ஹன் என்ற உளவியலாளர் உருவாக்கிய முறை அதில் பேர் பெற்றது. மாதக்கணக்கில் ஆகும். சமூக விரோத வகைக்கு இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. கோபத்துக்கும் கைக்கும் நடுவில் ஒரு நிமிஷம் நிற்கப் பழகுவது, போதையை விடுவது, ஒரு தொழில் கற்பது வரை கொண்டுவந்தால் அதுவே பெரிய காரியம். வயது ஏற ஏற, நாற்பதை நெருங்கும்போது பலருக்கு வேகம் தானாகவும் குறைகிறது.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கைதிகளுக்கும் பொருந்தும். ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல சிகிச்சை வசதி வேண்டும் என்கிறது. குடும்பம் எழுத்தில் மனு கொடுத்தால் பதிவாகும். வாயால் சொன்னால் காற்றோடு போகும்.

13. மனு பாக்கப் போனா மூஞ்சியக் குடுத்தே பேச மாட்டேங்கான். போகணுமா, விட்டுரலாமா?

போங்கள். குடும்பத்தோடு தொடர்பு இருக்கிறவர்கள் வெளியே வந்தபின் மறுபடி உள்ளே போவது குறைவு என்பது பல நாடுகளில் பார்த்த விஷயம்.

கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் "ஏம்ல இப்படிப் பண்ணுன?" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் பத்துப் பேர் கத்திக்கொண்டிருக்க, தன் தொகுதி ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவன் உடைந்து அழ முடியாது. அதனால்தான் முறைக்கிறான். மாடு கன்று போட்டதா, தங்கச்சிக்குப் பரீட்சை எப்போது, தெரு முக்கில் புதுக் கடை வந்ததா, அதைச் சொல்லுங்கள். ஒரு அம்மா ஒவ்வொரு தடவையும் வீட்டு முருங்கை மரத்தில் எத்தனை காய் என்று மட்டும் சொல்லிவிட்டு வருவார். நான்காவது மாதம் மகனே கேட்டான், "இந்த வாரம் காய் பறிச்சியாம்மா?"

14. அப்பன் உள்ள இருக்கான். எம்பிள்ளையும் அப்படியே ஆயிருவானோ?

இரண்டாம் கேள்வியின் பட்டியலில் "வீட்டு ஆள் ஜெயிலுக்குப் போனது" இருந்ததைப் பார்த்துவிட்டுப் பயந்து கேட்கிறீர்கள். தெரியும். ஹவாயில் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். வறுமை, குடி, குடும்பச் சண்டை எனப் பல கஷ்டங்களுக்கு நடுவில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர், தன்னம்பிக்கையும் அக்கறையும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தது, பெற்றோரோ வேறு யாரோ, விட்டுப் போகாத ஒரு பெரியவர். மாமாவாக இருக்கலாம், டியூஷன் அக்காவாக இருக்கலாம்.

"அப்பா துபாய்ல இருக்காவ" என்று சொல்லாதீர்கள். பள்ளிக்கூடத்தில் எவனோ ஒருவன் உண்மையைச் சொல்லிச் சிரிப்பான், அன்றைக்கு அப்பாவும் போவார், உங்கள் வார்த்தையும் போகும். வயதுக்கு ஏற்ற மாதிரி, "அப்பா ஒரு தப்பு பண்ணிட்டாவ, அதுக்குக் கோர்ட்ல வச்சிருக்காவ, உன் மேல எந்தத் தப்பும் இல்ல" என்பது போதும்.

15. வெளிய வந்ததும் ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா சரியாப் போயிருவான்லா?

இதற்கு மட்டும் கொஞ்சம் கோபமாகவே பதில் சொல்வேன். ராபர்ட் சாம்ப்சன், ஜான் லாப் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பாஸ்டனில் சிறுவயதில் குற்றத்தில் சிக்கிய 500 பேரின் பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்து வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தார்கள். நிலையான வேலையும், ஒட்டுதலான மண வாழ்க்கையும் பலரைத் திருப்பியது உண்மை. ஒட்டுதல் இல்லாத கல்யாணம் யாரையும் திருப்பவில்லை. குணம் தெரியாத ஒருத்தியைக் கொண்டுவந்து மருந்தாகக் கொடுத்தால், அவள் அடி வாங்குவாள், இரண்டாம் கேள்வியின் பட்டியல் அடுத்த பிள்ளைக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். முதலில் வேலை. பெண் வீட்டில் கேஸ் விவரத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

பழைய சேக்காளிகள் வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களை ஏசித் துரத்தினால் பையனும் பின்னாலேயே போவான். முதல் ஆறு மாதம் திருப்பூர், கோயம்புத்தூர் என்று வேலைக்கு அனுப்பிய குடும்பங்களுக்கு அது பெரும்பாலும் உதவியிருக்கிறது. ஜாமீனில் வந்தவர் என்றால் கையெழுத்து நிபந்தனையைப் பார்த்து, வக்கீலிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

16. வெட்டினவன் சின்ன வயசுக் கஷ்டத்தையே பேசுதீங்களே, செத்தவன் பிள்ளைக்கு யார் பேசுவா?

இதைக் கேட்டவர் தம்பியைப் பறிகொடுத்தவர். காரணத்தைச் சொல்வது மன்னிப்பு வாங்கித் தர அல்ல. தண்டனை தண்டனைதான். அதே கஷ்டத்தில் வளர்ந்து கத்தி எடுக்காதவர்கள் ஏராளம் என்று முதல் பதிலிலேயே சொல்லியிருக்கிறேன்.

செத்தவர் வீட்டுப் பிள்ளையைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். ஆறாம் கேள்வியில் போஸ்டரின் பொடிப் படங்களில் முகம் இருந்த பையன் அவன்தான். கொலையைப் பார்த்த பிள்ளைக்குத் தூக்கம் கெடும், படுக்கை நனையும், படிப்பு இறங்கும். முதல் சில மாதங்களிலேயே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இடைக்கால உதவியும் கேட்கலாம்.

17. இதெல்லாம் யார்ட்ட போய்ச் சொல்ல? எங்க போனாலும் அலைய விடுதாவ.

குழந்தைக்கு வீட்டிலோ பள்ளியிலோ தொல்லை என்றால் 1098 என்ற எண்ணுக்கு ஃபோன் போடுங்கள். பாலியல் தொல்லை என்றால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும், ஆண் பிள்ளைக்கும் அதே சட்டம்தான். மனம் சரியில்லை, உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்றால் 14416. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் 15100, அல்லது நேரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மனநல சிகிச்சைக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி. காலையிலேயே போய்ச் சீட்டு போடுங்கள், பழைய மருந்துச் சீட்டையும் ஆதாரையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிறைக்குள் இருப்பவருக்காக என்றால், சிறை நல அலுவலர் பேருக்கு மனு எழுதி ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாவிட்டால், வாசலுக்கு எதிரே டீக்கடையில் நிற்கும் வக்கீல் குமாஸ்தா யாரையாவது கேளுங்கள். பெரும்பாலும் காசு வாங்காமலே எழுதித் தருவார்கள்.